பழைய கணினியின் மின்வழங்கியும் வரைகலை அட்டை மேம்படுத்தலும்

மின்வழங்கி என்பது வீட்டு மின் இணைப்பிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை, கணினியின் உறுப்புகள் ஏற்கக்கூடிய 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் பெட்டி ஆகும். தமிழ்நாட்டுக் கடைகளில் இதை எஸ்.எம்.பி.எஸ். என்றே கேட்டு வாங்குகின்றனர். வரைகலை அட்டை என்பது திரையில் தோன்றும் படங்களைக் கணக்கிட்டு உருவாக்கும் தனி அட்டை. இது பேச்சுவழக்கில் கிராபிக்ஸ் கார்டு எனப்படும். பழைய மேசைக் கணினியில் புதிய வரைகலை அட்டையைப் பொருத்தும் முன், அக்கணினியில் உள்ள மின்வழங்கி அதைத் தாங்குமா என்று சரிபார்ப்பது அவசியம். இதற்கு மின்வழங்கியின் மேல் பெரிதாக அச்சிட்டுள்ள வாட் எண் போதாது. 12 வோல்ட் தடத்தில் அது எத்தனை ஆம்பியர் தரும் என்பதே முதன்மையான கேள்வி.

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, இந்தியாவின் பெரிய மின்னணுச் சந்தைகளுள் ஒன்று. நிறுவனங்கள் பயன்படுத்தி விடுவித்த மேசைக் கணினிகள் இங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கும் மாணவர்கள் பிறகு விளையாட்டு, காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைவு, இயந்திரக் கற்றல் பயிற்சி போன்றவற்றுக்காக வரைகலை அட்டை ஒன்றைச் சேர்க்க விரும்புகின்றனர். இத்தகைய கணினியில் பெரும்பாலும் அட்டைதான் விலை கூடிய உறுப்பு. அதைக் காப்பதும் கெடுப்பதும் மின்வழங்கியின் தரத்தைப் பொறுத்தது.

வரலாற்றுப் பின்னணி

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் மின்வழங்கி 63.5 வாட் திறன் கொண்டது. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பு முறையை வெளியிட்டது. அக்காலக் கணினிகளில் மையச் செயலகம் தன் மின்சாரத்தைப் பெரும்பாலும் 5 வோல்ட், 3.3 வோல்ட் தடங்களிலிருந்து எடுத்துக்கொண்டது. 12 வோல்ட் தடம் வன்தட்டின் மோட்டாருக்கும் விசிறிக்கும் மட்டுமே பெரிதும் பயன்பட்டது.

பென்டியம் 4 வந்தபோது இந்த நிலை மாறியது. 2000-ஆம் ஆண்டின் ஏ.டி.எக்ஸ். 12 வோல்ட் விதிமுறை, செயலகத்துக்கென 4 முனைகள் கொண்ட தனி 12 வோல்ட் இணைப்பியைச் சேர்த்தது. 2003-இல் வந்த அதன் 2.0 பதிப்பு, தாய்ப்பலகையின் முதன்மை இணைப்பியை 20 முனையிலிருந்து 24 முனையாக்கியது. அதன்பின் செயலகம், வரைகலை அட்டை ஆகிய இரண்டு பெரிய செலவாளிகளும் 12 வோல்ட் தடத்தையே சார்ந்துள்ளன. பழைய வடிவமைப்பில் செய்த மின்வழங்கிகளிலும் பல மலிவு வகைகளிலும் 5 வோல்ட் தடம் தாராளமாகவும் 12 வோல்ட் தடம் குறைவாகவும் இருக்கும். அவற்றின் மொத்த வாட் எண் பெரிதாகத் தெரிந்தாலும், வரைகலை அட்டைக்கு உதவும் பங்கு சிறியது.

லேபிளைப் படிக்கும் முறை

மின்வழங்கியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஒவ்வொரு தடத்துக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் தரப்பட்டிருக்கும். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் வரும் எளிய சமன்பாடே இங்குப் போதும்:

திறன் (வாட்) = மின்னழுத்தம் (வோல்ட்) × மின்னோட்டம் (ஆம்பியர்)

இரண்டு மின்வழங்கிகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலாவது, பெட்டியில் 450 வாட் என்று போட்டது. அதன் லேபிளில் 3.3 வோல்ட்டில் 20 ஆம்பியர், 5 வோல்ட்டில் 24 ஆம்பியர், 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்று உள்ளது. இவை முறையே 66, 120, 180 வாட் ஆகும். மூன்றையும் கூட்டினால் 366 வாட். காத்திருப்பு நிலைக்கான 5 வோல்ட் தடம் போன்ற சிறு தடங்களைச் சேர்த்தாலும் 380 வாட்டை ஒட்டியே நிற்கும். அதன் சொந்த லேபிளே 450 என்ற பெயரை ஆதரிக்கவில்லை. வரைகலை அட்டைக்கும் செயலகத்துக்கும் சேர்த்து அதில் கிடைப்பது 180 வாட் மட்டுமே.

இரண்டாவது, 300 வாட் என்று போட்டது. அதன் 12 வோல்ட் தடம் 22 ஆம்பியர், அதாவது 264 வாட். பெயரில் சிறியதாக இருந்தாலும், வரைகலை அட்டை சேர்ப்பதற்கு இதுவே வலிமையானது.

சில லேபிள்களில் 12 வோல்ட் தடம் இரண்டாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். முதல் தடம் 16 ஆம்பியர், இரண்டாம் தடம் 14 ஆம்பியர் என்றால் மொத்தம் 30 ஆம்பியர் என்று கூட்டிவிடக் கூடாது. கீழே கூட்டு உச்சத் திறன் என ஓர் எண் இருக்கும். அது 276 வாட் என்றால், 12-ஆல் வகுக்க 23 ஆம்பியர் வரும். அதுவே கணக்கில் கொள்ள வேண்டிய எண். 12 வோல்ட் ஆம்பியரே குறிப்பிடப்படாத லேபிள் கொண்ட மின்வழங்கியை வரைகலை அட்டைக்கு நம்பக் கூடாது.

80 பிளஸ் என்ற சான்று 2004-இல் தொடங்கியது. 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் குறைந்தது 80 விழுக்காடு செயல்திறன் இருப்பதை இது காட்டும். இது மின்சாரச் சிக்கனத்தைக் குறிக்கும் சான்று. பாதுகாப்புக்கோ ஆயுளுக்கோ நேரடி உறுதி அல்ல. எனினும் முழுச் சுமையில் சோதிக்கப்படுவதால், பெயரளவுத் திறனை உண்மையில் தரக்கூடியது என்பதற்கு ஓர் அறிகுறியாகக் கொள்ளலாம்.

வரைகலை அட்டையின் தேவை

பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 16 தட ஸ்லாட், அதாவது அட்டையைச் செருகும் வாய், 75 வாட் வரை தரலாம். இதில் 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட், மீதி 3.3 வோல்ட்டில் வருகிறது. அதற்கு மேல் தேவைப்படும் அட்டைகள் மின்வழங்கியிலிருந்து நேரடிக் கம்பி இணைப்பைக் கேட்கும். 6 முனை இணைப்பி கூடுதலாக 75 வாட்டும், 8 முனை இணைப்பி 150 வாட்டும் தருமாறு வகுக்கப்பட்டுள்ளன.

பழைய கணினிகளுக்குப் பலரும் கருதும் சில அட்டைகளின் பெயரளவு மின் செலவு:

ஜிஃபோர்ஸ் ஜி.டி. 710: 19 வாட்
ஜிஃபோர்ஸ் ஜி.டி. 1030: 30 வாட்
ரேடியான் ஆர்.எக்ஸ். 6400: 53 வாட்
ஜிஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ.: 60 வாட்
ஜிஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 3050, 6 ஜி.பி.: 70 வாட்
ஜிஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., ஜி.டி.எக்ஸ். 1650: 75 வாட்
ஜிஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 4060: 115 வாட்
ஜிஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 3050, 8 ஜி.பி.: 130 வாட்
ஜிஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 3060: 170 வாட்
ரேடியான் ஆர்.எக்ஸ். 580: 185 வாட்

இப்பட்டியலில் ஆர்.டி.எக்ஸ். 3050 இருமுறை வருவதைக் கவனிக்க வேண்டும். ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு அட்டைகளின் மின் தேவை ஏறத்தாழ இருமடங்கு வேறுபடுகிறது. எனவே நினைவக அளவையும் சேர்த்துப் பார்த்தே வாங்க வேண்டும். அதுபோலவே, ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற 75 வாட் அட்டைகளில் சில தயாரிப்புகள் வேகம் கூட்டப்பட்டு 6 முனை இணைப்பியுடன் வரும். அட்டையின் படத்தில் மேல் விளிம்பைப் பார்த்தால் இணைப்பி உண்டா என்று தெரிந்துவிடும்.

அட்டைத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் மின்வழங்கி அளவு (ஜி.டி.எக்ஸ். 1650-க்கு 300 வாட், ஆர்.டி.எக்ஸ். 3060-க்கு 550 வாட்) முழுக் கணினிக்குமானது. அது ஒரு பாதுகாப்பு இடைவெளியும் சேர்த்துச் சொல்லப்பட்ட எண்.

ஒரு மாதிரிக் கணக்கு

கோர் ஐ5-4570 செயலகம் கொண்ட கணினி ஒன்றைக் கொள்வோம். 2013-இல் வெளிவந்த இச்செயலகம், அலுவலகங்களிலிருந்து வரும் பழைய கணினிகளில் பரவலாகக் காணப்படுவது. இதன் வெப்ப வடிவமைப்புத் திறன் 84 வாட்.

தாய்ப்பலகையின் மின்மாற்றச் சுற்றில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, செயலகத்துக்கு 12 வோல்ட்டில் 100 வாட் என்று கொள்ளலாம். இது 8.3 ஆம்பியர். 75 வாட் அட்டைக்கு 6.25 ஆம்பியர். வன்தட்டு, விசிறிகளுக்கு 1.5 ஆம்பியர். மொத்தம் ஏறத்தாழ 16 ஆம்பியர். இதற்கு மேல் கால் பங்கு இடைவெளி விட்டால் 20 ஆம்பியர் வேண்டும்.

மேலே கண்ட 450 வாட் பெட்டியின் 15 ஆம்பியர் இதற்குப் போதாது. 300 வாட் பெட்டியின் 22 ஆம்பியர் போதும்.

அதே கணினியில் 170 வாட் அட்டையைப் போட விரும்பினால், அட்டைக்கு மட்டும் 14.2 ஆம்பியர். மொத்தம் 24 ஆம்பியர், இடைவெளியுடன் 30 ஆம்பியர். இப்போது 300 வாட் பெட்டியும் போதாது. மின்வழங்கியை மாற்றியே ஆக வேண்டும்.

இடைவெளி விடுவதற்குக் காரணம் உண்டு. வரைகலை அட்டையின் பெயரளவு வாட் என்பது சராசரி. நொடியின் மிகச் சிறு பகுதியில் அது பன்மடங்கு எகிறி இறங்கும். இதனால்தான் 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை, உயர்திறன் மின்வழங்கிகள் தம் திறனைப் போல் இருமடங்கை 100 மைக்ரோ நொடி வரை தாங்க வேண்டும் என்றது. பழைய மின்வழங்கிகள் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல.

இணைப்பிகளும் மாற்றுக் கம்பிகளும்

தேவையான 6 அல்லது 8 முனை இணைப்பி மின்வழங்கியில் இல்லையென்றால், அந்தப் பெட்டி அத்தகைய அட்டைக்காகச் செய்யப்படவில்லை என்றே பொருள் கொள்ள வேண்டும். கடைகளில் கிடைக்கும் மாற்றுக் கம்பிகள் இணைப்பியின் வடிவத்தை மட்டுமே மாற்றும். மின்வழங்கியின் திறனைக் கூட்டாது.

இவற்றுள் மிகவும் ஆபத்தானது, சாட்டா மின் இணைப்பியை 6 முனையாக மாற்றும் கம்பி. சாட்டா இணைப்பியில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைகள் உள்ளன. ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 75 வாட் இழுக்க உரிமையுள்ள 6 முனையை இதில் மாட்டினால் முனைகள் சூடேறி உருகலாம். 4 முனை மோலெக்ஸ் இணைப்பிகள் இரண்டைச் சேர்க்கும் கம்பி இதைவிடத் தேவலை. அப்போதும் அவ்விரண்டும் மின்வழங்கியிலிருந்து தனித்தனியே வரும் கம்பித் தொடர்களாக இருக்க வேண்டும்.

செயலகத்துக்கான 8 முனை இணைப்பியும் வரைகலை அட்டைக்கான 8 முனை இணைப்பியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். முன்னதில் 4 மஞ்சள், 4 கறுப்புக் கம்பிகள். பின்னதில் 3 மஞ்சள், 5 கறுப்பு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் அழுத்தித் திணிக்கக் கூடாது. கம்பிகளைக் கழற்றி மாட்டும் வகை மின்வழங்கிகளில், ஒரு நிறுவனத்தின் கம்பியை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் மாட்டக் கூடாது. பெட்டிப் பக்கத்து முனை வரிசைக்குப் பொதுவான தரம் இல்லாததால், இணைப்பி பொருந்தினாலும் மின்னழுத்தம் தவறான முனைக்குச் சென்று உறுப்புகள் எரியக்கூடும்.

நிறுவனக் கணினிகளின் சிக்கல்

அலுவலகங்களுக்கெனச் செய்த கணினிகளில் மின்வழங்கியின் வடிவமும் இணைப்பியும் பொதுத் தரத்திலிருந்து மாறுபடுவதுண்டு. டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020 ஆகியவற்றில் தாய்ப்பலகையின் முதன்மை இணைப்பி 24 முனை அல்ல, 8 முனை. எச்.பி., லெனோவோ அலுவலகக் கணினிகள் பலவற்றிலும் இத்தகைய தனி இணைப்பிகள் உள்ளன. கடையில் வாங்கிய சாதாரண ஏ.டி.எக்ஸ். மின்வழங்கியை இவற்றில் நேரடியாக மாட்ட முடியாது. அந்தந்த மாதிரிக்கென உள்ள மாற்றுக் கம்பி தேவை.

ஆப்டிபிளெக்ஸ் 9020-இன் சிறு கோபுர வகையில் 290 வாட் மின்வழங்கியும், ஒடுங்கிய வகையில் 255 வாட் மின்வழங்கியும் உள்ளன. இவை நல்ல நிலையில் இருந்தால், தனி இணைப்பி கேட்காத அட்டைகளே பொருத்தமானவை. ஒடுங்கிய வகையில் உயரம் குறைந்த அட்டை மட்டுமே நுழையும். சில கணினிகளின் கையேட்டில், ஸ்லாட்டுக்கான வரம்பு 75 வாட்டுக்கும் குறைவாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். வாங்கும் முன் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

புதிய மின்வழங்கி வாங்கினால் அளவும் முக்கியம். ஏ.டி.எக்ஸ். பெட்டியின் அகலம் 150 மில்லிமீட்டர், உயரம் 86 மில்லிமீட்டர், நீளம் பொதுவாக 140 மில்லிமீட்டர். ஒடுங்கிய கணினிகளில் இது நுழையாது.

வயதும் சூழலும்

லேபிளில் உள்ள எண்கள் பெட்டி புதிதாக இருந்தபோது உள்ளவை. மின்வழங்கிக்குள் இருக்கும் மின்பகு மின்தேக்கிகள் வெப்பத்தால் மெல்ல வறண்டு போகும். வெப்பநிலை 10 பாகை செல்சியசு கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுவியலில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. சில தயாரிப்பாளர்கள் தம் வாட் எண்ணை 25 பாகையில் அளந்து போடுகின்றனர். சிலர் 40 அல்லது 50 பாகையில் அளக்கின்றனர். கத்திரி வெயில் காலத்தில் சென்னையில் வெளி வெப்பமே 40 பாகையைத் தொடும்போது, கணினிப் பெட்டியின் உட்புறம் அதைவிடச் சூடாக இருக்கும். எனவே ஐந்தாண்டுகளுக்கு மேல் ஓடிய மின்வழங்கிக்கு, லேபிள் எண்ணில் 70 விழுக்காட்டை மட்டும் நம்புவது நல்லது. மேலே கண்ட 300 வாட் பெட்டி ஐந்தாண்டுகளைக் கடந்ததாக இருந்தால், அதன் 22 ஆம்பியரில் 15.4 மட்டுமே கணக்கில் வரும். மாதிரிக் கணினிக்கு இடைவெளி இல்லாமலே 16 ஆம்பியர் வேண்டும் என்பதால் அதுவும் போதாது.

பாலவாக்கம், நீலாங்கரை, திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று இன்னொரு பகை. இணைப்பி முனைகளில் பச்சை அல்லது வெள்ளைப் படிவும், திருகுகளில் துருவும் தோன்றும். துரு ஏறிய முனையின் தடை கூடும். தடை கூடிய இடத்தில் மின்னோட்டம் வெப்பமாக மாறும். வரைகலை அட்டை போன்ற பெரிய சுமையில்தான் இது வெளிப்படும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்சாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் தரைத்தளங்களில் நீர் புகுந்தது. நீரில் மூழ்கிய மின்வழங்கியை உலர்த்தி மீண்டும் பயன்படுத்தக் கூடாது. பழைய பெட்டி வாங்கும்போது, காற்றுத் துளை வழியே கைவிளக்கு அடித்துப் பார்த்தால் சேற்றுப் படிவு, உப்பிய மின்தேக்கி, கருகிய தடம் ஆகியவை தெரியக்கூடும். இவற்றுள் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்று விடுவதே சரி.

சோதித்துப் பார்த்தல்

மின்வழங்கியின் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. உள்ளே உள்ள முதன்மை மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் சேர்ந்திருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்தானது.

திறக்காமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பயன்படுத்தாத மோலெக்ஸ் இணைப்பியின் கறுப்புக் கம்பி முனையில் பல்மானியின் கறுப்பு ஊசியையும், மஞ்சள் கம்பி முனையில் சிவப்பு ஊசியையும் வைத்து, நேர்மின்னழுத்த நிலையில் அளக்க வேண்டும். இரு முனைகளையும் ஊசி ஒருசேரத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விதிமுறைப்படி 12 வோல்ட் தடம் 11.40 முதல் 12.60 வரையும், 5 வோல்ட் தடம் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம். கணினி சும்மா இருக்கும்போதும், கனமான விளையாட்டோ சோதனை மென்பொருளோ ஓடும்போதும் அளந்து ஒப்பிட வேண்டும். சும்மா இருக்கையில் 12.1 காட்டியது, சுமையில் 11.5-க்கு இறங்கினால், எல்லைக்குள்தான் இருக்கிறது என்றாலும் மின்வழங்கி திணறுகிறது என்று பொருள்.

விளையாட்டு தொடங்கியதும் கணினி பட்டென்று அணைவது, தானே மீண்டும் தொடங்குவது, கருகல் வாடை, விசிறியின் கரகரப்பு ஆகியவை மின்வழங்கிக் குறையின் பொதுவான அறிகுறிகள். திரை மட்டும் உறைந்து நிற்பது இயக்கி மென்பொருளின் கோளாறாகவும் இருக்கலாம்.

வீட்டு மின் இணைப்பு

சில பழைய மின்வழங்கிகளின் பின்புறம் 115, 230 என்று குறித்த சிவப்பு நிலைமாற்றி இருக்கும். இந்தியாவில் அது 230-இல் இருக்க வேண்டும். 115-இல் வைத்து இயக்கினால் பெட்டி அப்போதே பழுதாகும்.

மூன்று முனைச் செருகியில் நில இணைப்பு சரியாக இல்லாவிட்டால், கணினிப் பெட்டியைத் தொடும்போது விர்ரென்று லேசான அதிர்ச்சி தெரியும். பழைய வீடுகளில் இது சாதாரணம் என்று விட்டுவிடாமல், மின்பணியாளரை அழைத்துச் சரிசெய்த பிறகே புதிய அட்டையைப் பொருத்த வேண்டும்.

வீடுகளில் பயன்படும் 600 வோல்ட் ஆம்பியர் யு.பி.எஸ். பலவும் 360 வாட் வரையே தாங்கும். மேலே கண்ட 170 வாட் அட்டை கொண்ட கணினி, உள்ளே ஏறத்தாழ 320 வாட் செலவழித்தால், 80 விழுக்காடு செயல்திறனில் சுவரிலிருந்து 400 வாட் இழுக்கும். மின்சாரம் போன நொடியில் யு.பி.எஸ். காப்பாற்றாமல் தானும் அணைந்துவிடும். 75 வாட் அட்டை என்றால், திரையையும் சேர்த்து 300 வாட்டை ஒட்டி நிற்கும்.

முடிவெடுக்கும் வரிசை

1. அட்டையின் சரியான மாதிரி, வாட், இணைப்பி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
2. மின்வழங்கி லேபிளில் 12 வோல்ட் ஆம்பியரைப் படிக்க வேண்டும். இரு தடங்கள் என்றால் கூட்டு உச்சத்தை 12-ஆல் வகுக்க வேண்டும்.
3. செயலகம், அட்டை, வன்தட்டு, விசிறி ஆகியவற்றின் ஆம்பியரைக் கூட்டிக் கால் பங்கு சேர்க்க வேண்டும். ஐந்தாண்டுகளைக் கடந்த பெட்டி என்றால் அதற்குப் பதிலாக, கூட்டிய ஆம்பியர் லேபிள் எண்ணில் 70 விழுக்காட்டுக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.
4. தேவையான இணைப்பி மின்வழங்கியிலேயே உள்ளதா என்று பார்க்க வேண்டும்.
5. வயது, துரு, வாடை, மின்னழுத்த இறக்கம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

இவற்றுள் ஒன்றில் தவறினாலும் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஸ்லாட்டின் மின்சாரத்திலேயே ஓடும் சிறிய அட்டையைத் தேர்ந்து, மறுபடி கணக்கிட்டுப் பார்ப்பது. மற்றொன்று, அட்டைக்கென வைத்த பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி நல்ல மின்வழங்கியை முதலில் வாங்குவது. இரண்டாம் வழியில் போட்ட பணம் வீணாவதில்லை. பொதுத் தரத்தில் அமைந்த நல்ல மின்வழங்கி, அடுத்து வாங்கும் கணினிக்கும் பெரும்பாலும் பயன்படும். கழற்றிய பழைய மின்வழங்கியைக் குப்பையில் போடாமல், அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.